அன்றாடம் பாடும் பேராலயங்கள்

1660-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பியபோது, அரண்மனை ஆலயத்தில் ஆராதனையைப் பழையபடி பாடி நடத்த ஏற்பாடு ஆயிற்று. ஜெப புத்தகம் இருந்தது. முன்பு பாடிய பெரியவர்களில் சிலர் உயிரோடு இருந்தார்கள். மேல்குரல் பாடப் பயிற்சி பெற்ற சிறுவர்கள்தான் இல்லை. உள்நாட்டுப் போரிலும் அதன் பின்வந்த ஆட்சியிலும் பேராலயங்களின் பாடகர் குழுக்கள் கலைக்கப்பட்டு, ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்கு யாரும் பாடக் கற்றுக்கொடுக்காமலே காலம் போயிருந்தது. ஓராண்டுக்கு மேல் அந்த மேல்குரல் பகுதியைக் கார்னெட் என்னும் மரக்குழலை ஊதியும், வளர்ந்த ஆண்கள் கள்ளக்குரலில் பாடியும் ஒப்பேற்றினார்கள் என்று அக்காலத்து இசையமைப்பாளர் மாத்யூ லாக் எழுதியிருக்கிறார்.

ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், பேராலய இசையைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக முடிசூட்டு விழாவிலோ அரச குடும்பத்துத் திருமணத்திலோ கிறிஸ்துமஸ் ஒலிபரப்பிலோ தொடங்குவார்கள். அந்த இசையின் உயிர் அங்கே இல்லை. வாரநாள் மாலை ஐந்து, ஐந்தரை மணிக்கு, கேட்க இருபது பேர்கூட இல்லாத நேரத்தில் பாடப்படும் ஆராதனையில் இருக்கிறது. ஏறத்தாழ 475 ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இந்த இசை நொடித்துப்போன ஒவ்வொரு காலத்திலும் அன்றாடப் பாடல் அறுந்தோ சீரழிந்தோ போயிருக்கிறது. தழைத்த காலங்களில் யாரோ சிலர் அந்த அன்றாடத்துக்குக் காசும் ஆளும் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். இன்று அந்த அன்றாடமே மறுபடியும் கேள்விக்கு ஆளாகியிருப்பதால் முழு வரலாற்றையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

1549-ல் பேராயர் தாமஸ் கிரான்மரின் கைவண்ணத்தில் ஆங்கில ஜெப புத்தகம் வெளிவந்தது. மடங்களில் லத்தீனில் நாளொன்றுக்குப் பல வேளை ஓதப்பட்டு வந்த ஜெபங்கள் காலை, மாலை என்று இரண்டாகச் சுருங்கின. அந்திவேளை ஜெபமும் படுக்கப்போகும் முன் ஓதும் ஜெபமும் சேர்ந்து ஒரே மாலை ஆராதனை ஆயின. அதனால்தான் முன்னதிலிருந்து வந்த மரியாளின் பாட்டும் பின்னதிலிருந்து வந்த சிமியோனின் பாட்டும் ஒரே ஆராதனையில், இடையில் ஒரு வேதபாடம் மட்டும் வைத்து, அடுத்தடுத்து நிற்கின்றன. இவற்றுக்கு முன்னால் சங்கீதங்கள். பின்னால் விசுவாசப்பிரமாணம், ஜெபங்கள், கடைசியில் ஆன்தம் என்ற தனிப்பாடல். 1662-ல் திருத்தி வெளியிட்ட ஜெப புத்தகத்தின் வாசகங்களைத்தான் பெரும்பாலான பேராலயங்கள் இன்றைக்கும் மாலையில் பாடுகின்றன.

பாடகர் குழு எதிரெதிராக இரண்டு வரிசையில் நிற்கும். பேராலயத் தலைமைக் குருவான டீனின் இருக்கை உள்ள தெற்குப் பக்கத்துக்கு டெக்கேனை என்று பெயர். முதன்மைப் பாடகரின் வடக்குப் பக்கத்துக்குக் கேன்டோரிஸ் என்று பெயர். மேல்குரல் ஏறக்குறைய எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுடையது. ஆல்ட்டோ, டெனர், பேஸ் மூன்றையும் லே கிளார்க் எனப்படும் சம்பளப் பாடகர்கள் பாடுவார்கள். இவர்களில் பலர் பகலில் பள்ளி ஆசிரியராகவோ வேறு வேலையிலோ இருந்துவிட்டு மாலையில் அங்கி மாட்டிக்கொண்டு வந்து நிற்பவர்கள்.

இந்த ஆராதனையில் எது கடினம் என்று கேட்டால் பலரும் பெரிய ஆன்தத்தைச் சொல்வார்கள். சங்கீதம் பாடுவதுதான் கடினம் என்பது என் கருத்து. ஜெப புத்தகம் 150 சங்கீதங்களையும் மாதத்தின் முப்பது நாளுக்கும் காலை, மாலை என்று பங்கிட்டு வைத்திருக்கிறது. அவை உரைநடை வசனங்கள். ஒவ்வொன்றும் ஒரு நீளம். இவற்றைப் பாட, நான்கு குரலும் சேர்ந்தொலிக்கும் பத்தே சுரக்கூட்டுகள் கொண்ட சிறு மெட்டு ஒன்று. இரட்டை மெட்டானால் இருபது. வசனப் பாதியில் எத்தனை சொல் இருந்தாலும் முதல் சுரத்திலேயே நின்று பேச்சு ஓட்டத்தில் சொல்லிக்கொண்டு போய், கடைசிச் சில அசைகளில் மெட்டை நகர்த்தி முடிக்க வேண்டும். விருத்தம் பாடுபவர் ஒரு சுரத்தில் நின்று சொற்களை அடுக்கிவிட்டு முடிவில் இழுப்பாரே, ஏறத்தாழ அந்த மாதிரி. வித்தியாசம் என்னவென்றால் இங்கே முப்பது பேர், நான்கு குரலில், தாளம் இல்லாமல், ஒரே மூச்சாக அதைச் செய்ய வேண்டும். எந்த அசையில் நகர்வது என்று புத்தகத்தில் குறி போட்டிருக்கும். எந்தச் சொல்லை எவ்வளவு அழுத்துவது, வசன நடுவிலுள்ள முக்காற்புள்ளியில் எவ்வளவு நிற்பது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. மாதத்தின் 15-ஆம் தேதி மாலைக்கு விழுவது 78-ஆம் சங்கீதம். ஜெப புத்தகக் கணக்கில் 73 வசனம். அதை அலுப்புத் தட்டாமல், ஒரு சொல்கூடச் சிதறாமல் பாடும் குழு, பல மாதம் நாள்தோறும் சேர்ந்து நின்ற குழுவாகத்தான் இருக்கும். எட்டு வயதில் வந்து சேரும் பிள்ளை பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பக்கத்தில் நின்று, அவன் எங்கே மூச்சு எடுக்கிறான் என்று பார்த்துப் பார்த்தே இதைக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பன்னிரண்டு வயதுக்காரன் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1660 சாட்சி.

இந்த ஏற்பாடு முதலில் எப்படி உருவாயிற்று? எட்டாம் ஹென்றி 1536-க்கும் 1540-க்கும் இடையில் மடங்களைக் கலைத்தார். கடைசியாகக் கலைந்தது வால்தம் மடம். அங்கே பாடிக்கொண்டிருந்த தாமஸ் டாலிஸுக்குச் சம்பளப் பாக்கி இருபது ஷில்லிங், வெகுமதி இருபது ஷில்லிங் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அவர் அடுத்துப் போய்ச் சேர்ந்த இடம் கேன்டர்பரி. துறவிகள் நடத்திவந்த அந்தப் பேராலயத்தில் அவர்களுக்குப் பதிலாக டீன், குருமார், பாடகர்கள், சிறுவர்கள் என்று புதிய அமைப்பை அரசு நிறுவிக்கொண்டிருந்தது. கேன்டர்பரியைப் போலவே புதுப்பித்த பல பேராலயங்களின் சட்டதிட்டங்களில் இத்தனை பாடகர், இத்தனை சிறுவர் என்று எழுதிவைக்கப்பட்டது. மடங்களை அழித்த அதே கையால்தான் பேராலயப் பாடகர் குழுவுக்குச் சட்டபூர்வமான இடமும் வருமானமும் கிடைத்தன. பின்னால் எத்தனை டீன்கள் இசையில் அக்கறையின்றி இருந்தாலும் இந்த எழுத்தை எளிதில் அழிக்க முடியவில்லை. இந்த மரபு பிழைத்ததில் இசையமைப்பாளர்களின் பங்குக்குச் சற்றும் குறையாத பங்கு இந்தச் சட்டதிட்டங்களுக்கு உண்டு.

சீர்திருத்தக்காரர்கள் பின்னலான பல்குரல் இசையைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். 1548-ல் லிங்கன் பேராலயத்துக்குப் போன அரச ஆணை, மரியாளையும் புனிதர்களையும் பற்றிய பாடல்களை நிறுத்தி, ஆங்கிலத்தில், ஓர் அசைக்கு ஒரு சுரம் என்று தெளிவாகப் பாடச் சொன்னது. 1550-ல் ஜான் மெர்பெக் அந்தக் கொள்கைப்படியே ஜெப புத்தகத்துக்கு ஒற்றைக்குரல் மெட்டமைத்து அச்சிட்டார். 1552-ல் ஜெப புத்தகமே மாறிவிட, அவர் உழைப்பு வீணாயிற்று. முதலாம் எலிசபெத் பட்டத்துக்கு வந்தபின் 1559-ல் வந்த ஆணை, ஜெபத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ நல்ல இசையோடு ஒரு பாடல் பாடலாம் என்று இடம் விட்டது. ஆன்தம் முளைத்தது அந்த இடத்தில்தான்.

அதே லிங்கனுக்கு 1563-ல் ஆர்கன் வாசிக்கவும் சிறுவர்களுக்குக் கற்பிக்கவும் வந்தவர் வில்லியம் பேர்ட். 1569-ல் பேராலய நிர்வாகம் அவர் சம்பளத்தை நிறுத்திவைத்தது. ஆர்கனை அளவுக்கு மீறி அலங்காரமாக வாசித்ததே காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பேர்ட் கடைசிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தவர். தான் நம்பாத திருச்சபையின் ஆராதனைக்கு அவர் எழுதிய கிரேட் சர்வீஸ் என்ற பாட்டுத் தொகுப்பைப் போன்ற இசை அந்தத் திருச்சபையின் சொந்த விசுவாசிகள் எழுதியவற்றிலும் அரிது. எலிசபெத் அவருக்கும் டாலிஸுக்கும் 1575-ல் இசை நூல் அச்சிடும் தனியுரிமையைக் கொடுத்தார். அரசியின் இசை ருசி அவர்களுக்குக் கவசமாக இருந்தது.

மன்னரோடு நடந்த உள்நாட்டுப் போரின்போது, 1644-ல், ஆலயங்களின் ஆர்கன்களை அகற்ற நாடாளுமன்றம் ஆணையிட்டது. மறு ஆண்டு ஜெப புத்தகத்துக்கே தடை வந்தது. சிப்பாய்கள் ஆர்கன் குழல்களைப் பிடுங்கித் தெருவில் ஊதிக்கொண்டு போனதாக மன்னர் பக்கத்து எழுத்தாளர்கள் எழுதினார்கள். கட்சி கட்டி எழுதியவை ஆகையால் ஒவ்வொரு விவரத்தையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆர்கன்கள் போனது மட்டும் நிச்சயம். 1660-க்குப் பிறகு ஹென்றி குக் என்பவர் அரண்மனை ஆலயச் சிறுவர் குழுவைப் புதிதாகக் கட்டினார். நல்ல குரலுள்ள சிறுவரை மற்ற ஊர்களிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. அந்தக் குழுவில் வளர்ந்த பையன்தான் ஹென்றி பர்செல். 1679-ல், இருபது வயதில், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் ஆர்கன் இருக்கையில் உட்கார்ந்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வில்லியம் பாய்ஸ் 1760 முதல் 1773 வரை மூன்று தொகுதிகளாகப் பழைய ஆராதனை இசையைத் திரட்டி அச்சிட்டது பெரிய காரியம். மற்றபடி பணம் பேராலயங்களில் இருந்தது, பாட்டுக்குப் போகவில்லை. பாடகர் பதவி ஆயுட்காலப் பதவியாக இருந்ததால் குரல் போன கிழவர்களும் இடத்தை விடவில்லை. சிறுவர்களின் படிப்பையும் சாப்பாட்டையும் பல இடங்களில் யாரும் கவனிக்கவில்லை. கச்சேரிகளில் பாட அவர்களை வாடகைக்கு அனுப்பும் வழக்கமும் இருந்தது.

இந்த நிலையை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியது ஒரு பெண்ணின் பெயரை. மரியா ஹேக்கெட், 1783-ல் பிறந்தவர். உறவுக்காரச் சிறுவன் ஒருவன் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் பாடச் சேர்ந்தபோது அங்கே சிறுவர்கள் கேட்பாரற்று அலைவதைக் கண்டார். கூக்குரல் இடவில்லை. பழைய சாசனங்களைத் தேடி எடுத்தார். சிறுவர்களுக்கு இருப்பிடமும் கல்வியும் தரவேண்டியது பேராலயத்தின் கடமை என்று அவற்றில் இருப்பதைக் காட்டி ஆயருக்கும் டீனுக்கும் கடிதம்மேல் கடிதம் எழுதினார். பதில் வராதபோது மறுபடி எழுதினார். பிறகு இங்கிலாந்து, வேல்ஸ் பேராலயங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, எங்கே எத்தனை சிறுவர், என்ன படிப்பு, என்ன கூலி என்று கணக்கெடுத்து நூலாக வெளியிட்டார். ஏறத்தாழ அறுபது ஆண்டு விடாமல் இதைச் செய்தார். 1874-ல் அவர் இறந்தபோது செயின்ட் பால் சிறுவர்களுக்குப் புதிய பள்ளிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. இசை வரலாறுகளில் இசையமைப்பாளர்களுக்குக் கிடைக்கும் பக்கங்களில் பாதியாவது இந்த அம்மையாருக்குக் கிடைக்க வேண்டும். அவர் ஒரு பாட்டும் எழுதவில்லை. பாட ஆள் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

இன்னொருவர் சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லி. ஹியர்ஃபோர்ட், எக்ஸிடர், லீட்ஸ், வின்செஸ்டர், குளோஸ்டர் என்று ஊர் ஊராக மாறி, போன இடமெல்லாம் நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றவர். ஹியர்ஃபோர்டில் ஓர் ஈஸ்டர் திருநாளுக்குப் பாட அவருக்குக் கிடைத்தது சிறுவர்களும் ஒரே ஒரு பேஸ் குரலும்தான். அந்தக் குறையை வைத்துக்கொண்டே அவர் எழுதிய ஆன்தம் இன்றும் பல பேராலயங்களில் பாடப்படுகிறது. 1849-ல் வெளியிட்ட சிறு நூலில் அவர் கேட்டது எளிய விஷயம். பேராலயத்துக்கு ஆண் பாடகர் பன்னிரண்டு பேராவது வேண்டும். கணக்கு நியாயமானது: இரு வரிசை, வரிசைக்கு மூன்று குரல், குரலுக்கு இரண்டு பேர். குரலுக்கு ஒருவர் என்றால், ஒருவருக்குச் சளி பிடித்தால் அன்றைக்கு அந்தக் குரலே இல்லை. அன்றாடம் பாடும் குழுவுக்கு இந்த ஈடு இல்லாமல் ஆகாது. 1840-ஆம் ஆண்டுச் சட்டம் பேராலயங்களின் பதவிகளையும் வருமானத்தையும் வெட்டிச் சுருக்கிய சூழலில் அவர் இதைக் கேட்டார். உடனே கிடைக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன எண்ணிக்கைதான் இன்றும் சில பெரிய பேராலயக் குழுக்களின் அளவு.

பிற்பாடு ஃபிரெடரிக் ஊஸ்லி 1856-ல் டென்பரியில் தன் சொந்தப் பணத்தைக் கொட்டி, தினசரி ஆராதனை பாடுவதற்காகவே ஒரு கல்லூரி கட்டினார். அங்கே பதின்பருவத்தில் ஆர்கன் வாசித்த ஜான் ஸ்டெய்னர் 1872-ல் செயின்ட் பாலுக்கு வந்து அந்தக் குழுவை நாட்டுக்கே முன்மாதிரி ஆக்கினார். டென்பரி கல்லூரி 1985-ல் பணமின்றி மூடப்பட்டது.

ஆர்கனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1829 பிப்ரவரி முதல் தேதி மாலை, ஜோனதன் மார்ட்டின் என்ற மனிதர் யார்க் பேராலயத்தில் ஆராதனை முடிந்தபின் ஒளிந்துகொண்டு, இரவில் தீவைத்தார். பாடகர் பகுதியின் மரவேலை முழுவதும் ஆர்கனோடு எரிந்துபோயிற்று. மனநிலை பாதிக்கப்பட்டிருந்த அவர், ஆர்கனின் ரீங்காரம் தன்னைத் துன்புறுத்தியதாகச் சொன்னார். அப்போதைய ஆங்கில ஆர்கன்கள் இன்று நாம் கேட்பவற்றைவிடச் சிறியவை. காலால் வாசிக்கும் பெடல் வரிசை ஜெர்மனியில் எப்போதோ வந்துவிட்டது. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோதும் பெரும்பாலான ஆர்கன்களில் அது இல்லை. குழல்களைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைத் திறந்து மூடி ஒலியை வளர்த்துத் தேய்க்கும் ஸ்வெல் மட்டும் 1712-ல் லண்டனில் ஜோர்டன் குடும்பத்தார் கண்டுபிடித்தது.

இதை எல்லாம் மாற்றியவர் ஹென்றி வில்லிஸ். 1851-ஆம் ஆண்டுப் பெருங்கண்காட்சிக்கு அவர் கட்டிய ஆர்கனை, வெஸ்லியின் யோசனைப்படி, அளவு குறைத்து வின்செஸ்டர் பேராலயம் வாங்கி 1854-ல் நிறுவியது. விசைப்பலகைக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினால் பல ஸ்டாப்புகள், அதாவது குழல் வரிசைகள், ஒருசேர மாறும் பிஸ்டன் பொத்தானை வைத்தவர் அவர். செயின்ட் பால் 1872, சாலிஸ்பரி 1877, ட்ரூரோ 1887, லிங்கன் 1898 என்று அவர் கட்டியவை இன்றும் ஒலிக்கின்றன. அவருடைய பேரன் லிவர்பூல் பேராலயத்துக்குக் கட்டி 1926-ல் முடித்த ஆர்கனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழல்கள். பிரிட்டனில் அதுவே பெரியது.

பெரிய ஆர்கன்களின் பெடலில் 32 அடிக் குழல் ஒன்று இருக்கும். ஏறத்தாழ பத்து மீட்டர் உயரம். அதன் கடைசிச் சுரத்தில் காற்று விநாடிக்கு 16 முறைதான் அதிர்கிறது. காதுக்குச் சுரமாகக் கேட்பதற்கு முன்பே உட்கார்ந்திருக்கும் பலகையில் நடுக்கமாகத் தெரியும். ஆனால் பேராலய ஆர்கன் கலைஞரின் உண்மையான திறமை இந்த முழக்கத்தில் இல்லை. சங்கீதத்துக்கு வாசிப்பதில் இருக்கிறது. வசனத்துக்கு வசனம் பொருளைப் பார்த்து, ஓரிடத்தில் ஒற்றைப் புல்லாங்குழல் ஸ்டாப், ஓரிடத்தில் இடி, ஓரிடத்தில் வாசிப்பையே நிறுத்திவிட்டுக் குழுவைத் தனியே விடுவது. பல பேராலயங்களில் ஆர்கன் நடுத்தடுப்பின் மேல் உயரத்தில் இருக்கும். நடத்துநர் கீழே. கலைஞர் அவரைக் கண்ணாடியிலோ கேமராத் திரையிலோதான் பார்க்கிறார். ஒலி 34 மீட்டர் கடக்கப் பத்தில் ஒரு விநாடி ஆகும். குழு பாடுவது காதில் விழும்வரை காத்திருந்து வாசித்தால் பிந்திவிடும். ஆகவே கேட்பதை நம்பாமல் கையசைவை நம்பி, சற்று முன்னதாகவே வாசிக்க வேண்டும். இந்த இடைவெளி கட்டடத்துக்குக் கட்டடம் வேறுபடும். நாள்தோறும் அதே இருக்கையில் உட்காருபவருக்குத்தான் அது கைவரும்.

கட்டடத்தை அறிந்து எழுதியவர்களில் தலையாயவர் ஹெர்பர்ட் ஹவல்ஸ். அவருக்கு முன்னால் சார்லஸ் ஸ்டான்ஃபோர்ட் 1879-ல் எழுதிய பி ஃபிளாட் சர்வீஸ், ஆர்கனைக் குரலுக்குத் துணை என்ற நிலையிலிருந்து உயர்த்தித் தனிப் பாத்திரம் ஆக்கியது. ஹவல்ஸ் குளோஸ்டர் பேராலயத்தில் இசை பயின்றவர். 1910-ல் அங்கே நடந்த விழாவில், டாலிஸின் மெட்டு ஒன்றை ஆதாரமாக வைத்து வான் வில்லியம்ஸ் எழுதிய தந்தி இசையின் முதல் அரங்கேற்றத்தைப் பதினேழு வயதில் கேட்டார். அத்தனை நூற்றாண்டு இடைவெளி அவருக்கு அன்று இல்லாமல் போனது என்று நினைக்கிறேன். பின்னாளில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கும் குளோஸ்டருக்கும் செயின்ட் பாலுக்கும் இன்னும் பல ஆலயங்களுக்கும் மரியாளின் பாட்டையும் சிமியோனின் பாட்டையும் ஆலயத்துக்கு ஒரு மெட்டாக எழுதினார். 1951-ல் செயின்ட் பாலுக்கு எழுதியபோது, அந்தக் குவிமாடத்தின் நீண்ட எதிரொலிக்கு ஏற்பச் சுரக்கூட்டுகளை மெதுவாகவே மாற்றினார். அதையே சிறிய, எதிரொலி இல்லாத ஆலயத்தில் பாடினால் வெறுமையாக ஒலிக்கும்.

அன்றாடம் பாடியதால் உலகத்துக்குக் கிடைத்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆண் ஆல்ட்டோ குரல் கச்சேரி மேடைகளில் மறைந்தே போயிருந்தது. பேராலய வரிசைகளில் மட்டும் யாரும் கவனிக்காமல் பாடிக்கொண்டிருந்தார்கள். 1940-களில் கேன்டர்பரியில் லே கிளார்க்காக இருந்த ஆல்ஃப்ரட் டெல்லரின் குரலை இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் கேட்டார். பர்செலின் இசைக்கு அவர் தேடிய குரல் அதுதான். இன்று உலக ஆப்பரா மேடைகளில் பாடும் கவுன்டர்டெனர்களின் கதை அங்கே தொடங்குகிறது. அந்த அன்றாடத்தை வானொலியும் எடுத்துக்கொண்டது: பிபிசி 1926 அக்டோபர் 7 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலிருந்து மாலை ஆராதனையை ஒலிபரப்பத் தொடங்கி இன்றும் தொடர்கிறது.

இனி விவாதத்துக்குரியவை. சாலிஸ்பரி பேராலயம் 1991-ல் சிறுமிகளுக்கென்று தனிக் குழு தொடங்கியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. சிறுவர் குரலின் தனித்தன்மை போய்விடும் என்றார்கள். டேவிட் ஹோவர்ட், கிரஹாம் வெல்ச் ஆகியோர் பாடுவது யார் என்று சொல்லாமல் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டிச் சோதித்தபோது, கேட்டவர்கள் சரியாகச் சொன்னது கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். 2019-ல் இங்கிலாந்துப் பேராலயங்களில் பாடும் சிறுமிகளின் எண்ணிக்கை சிறுவர்களை மெல்லத் தாண்டியது. குரலைப் பற்றிய எதிர்ப்பு தோற்றுவிட்டது, தோற்க வேண்டியதுதான். எஞ்சியிருக்கும் கவலை வேறு: ஆராதனைகளை இரு குழுவும் பங்கிட்டுக்கொள்ளும்போது ஒவ்வொரு பிள்ளையும் பாடும் நாள் பாதியாகிறது. 78-ஆம் சங்கீதம் இரு குழுவுக்குமே கடினமாகிறது. இதற்குத் தீர்வு சிறுமிகளைக் குறைப்பது ஆகாது. வாரத்தில் பாடும் நாள்களைக் கூட்டுவது, அல்லது இரு பாலரையும் ஒரே குழுவில் நிறுத்துவது.

இன்னொரு குறை பழையது. குழு பாடுகிறது, சபை வாய் மூடி உட்கார்ந்திருக்கிறது என்பது. சீர்திருத்தத்தில் தீவிரமான பியூரிட்டன்கள் சொன்னார்கள், இன்றும் பலர் சொல்கிறார்கள். நெல்லைக் கிறிஸ்தவருக்கு இது எளிதில் புரியும். ஆங்கிலிக்கன் மிஷன்கள் வழியாக ஜெப புத்தகம் தமிழுக்கு வந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகும் அந்த ஆராதனை முறையின் சாயல் நம் சபைகளில் தங்கியிருக்கிறது. ஆனால் சம்பளக் குழு தினமும் பாடும் ஏற்பாடு இங்கே வேரூன்றவில்லை. பாமாலையையும் கீர்த்தனையையும் சபையார் சேர்ந்து பாடுவதே நம் வழக்கம். ஞாயிறு ஆராதனைக்கு அதுவே சரி என்று நானும் நினைக்கிறேன். வாரநாள் மாலை வேறு. அலுவலகத்திலிருந்து களைத்து வருபவர், விசுவாசம் உறுதியாக இல்லாதவர், துக்கத்தில் இருப்பவர் ஆகியோருக்குப் பாட வேண்டிய கட்டாயமின்றி உட்கார ஓரிடம் தேவை. அண்மைக் காலத்தில் பேராலயங்களின் வாரநாள் வருகை கூடியதற்கு இதுவே காரணம் என்பது என் ஊகம்.

பணந்தான் கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பாடகர் சம்பளம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணச் சலுகை, ஆர்கன் பராமரிப்பு எல்லாம் பேராலயமே திரட்ட வேண்டியவை. யார்க்கின் ஆர்கனை 2018 முதல் 2021 வரை பிரித்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழல்களைச் சீரமைத்துப் பூட்ட ஏறத்தாழ இருபது லட்சம் பவுண்டு ஆயிற்று. இதற்கு நன்கொடையாளர் கிடைத்துவிடுகிறார்கள். ஒரு லே கிளார்க்கின் அடுத்த ஆண்டுச் சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை. 2013-ன் இறுதியில் வேல்ஸின் லாண்டாஃப் பேராலயம் சம்பளப் பாடகர்களை நிறுத்தியது. 2020-ல் ஷெஃபீல்ட் பேராலயம், பலதரப்பட்ட மக்கள் வாழும் நகரத்துக்கு ஏற்ற குழு வேண்டும் என்று சொல்லி, இருந்த குழுவைக் கலைத்துவிட்டுப் பிறகு புதிதாகத் தொடங்கியது. நோக்கத்தில் குற்றம் சொல்ல முடியாது. கட்டணப் பள்ளிகளின் வழியாகவே பிள்ளைகளை எடுத்தால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே பாடுவார்கள் என்பது உண்மை. 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வரி வந்தபின் அது இன்னும் கடினமாகியிருக்கிறது. ஆனால் மாற்றத்துக்குக் குழுவைக் கலைப்பது வழியல்ல. பிராட்ஃபோர்ட், பிளாக்பர்ன் பேராலயங்களுக்குச் சொந்தப் பாடகர் பள்ளியே கிடையாது. ஊரிலுள்ள பல பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைச் சேர்த்துப் பாடவைக்கிறார்கள். மற்ற பேராலயங்கள் போய்ப் பார்த்துக் கற்க வேண்டியது அந்த இரண்டு ஊர்களில்.

செலவைக் குறைக்க இப்போது கையாளப்படும் எளிய வழி, வாரத்தில் ஒரு நாள் ஆராதனையைப் பாடாமல் வாசித்துவிடுவது. ஒரு நாள் இரண்டு நாளாகும். விழா நாள்களில் குழு முன்போலவே ஜொலிக்கும், ஆகவே இழப்பு உடனே வெளியே தெரியாது. சங்கீதத்தில்தான் முதலில் தெரியும். டீன்களும் அறங்காவலர்களும் வெட்ட வேண்டுமானால் விழாச் செலவை வெட்டட்டும், ஒலிப்பதிவுகளை வெட்டட்டும், வெளிநாட்டுப் பயணங்களை வெட்டட்டும். வாரநாள் மாலையில் கை வைக்க வேண்டாம்.

லண்டன் போகும் தமிழர்கள் செயின்ட் பால் பேராலயத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் கட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மாலை ஆராதனைக்குக் கட்டணம் இல்லை. எந்த மதத்தவரும் போய் உட்காரலாம். பொதுவாக மாலை 5 மணிக்குத் தொடங்கும். பள்ளி விடுமுறைக் காலத்தில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள், ஆகவே அதை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, விழாக் கூட்டம் இல்லாத ஒரு வாரநாளாகப் பார்த்துப் போங்கள்.